அறியாமையின் இன்பம்: ராபர்ட் லிண்டும் அத்திபெலே அத்தியும்

அயர்லாந்து நாட்டுக் கட்டுரையாளர் ராபர்ட் லிண்டின் பெயரை இம்மலரைப் படிக்கும் அன்பர்களுள் மூத்தோர் சிலரேனும் மறந்திருக்கமாட்டார்கள். கல்லூரிகளின் ஆங்கில உரைநடைத் தொகுப்புகளில் அவருடைய கட்டுரைகள் பல காலம் இடம்பெற்று வந்தன. தேர்வுக்காகப் படித்தோம், சுருக்கம் எழுதினோம், மதிப்பெண் வாங்கினோம், மறந்தோம். மறதியும் ஒருவகை இன்பமே என்று அவரே எழுதியிருப்பதால் இதற்காக நாம் மிகுதியாக வெட்கப்பட வேண்டியதில்லை.

லிண்ட் 1879ஆம் ஆண்டு பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தவர். இளமையிலேயே லண்டன் சென்று இதழாளராகி, 1949இல் மறையும்வரை அந்நகரத்தவராகவே வாழ்ந்தவர். 'நியூ ஸ்டேட்ஸ்மன்' வார இதழில் 'ஒய். ஒய்.' என்னும் புனைபெயரில் பல்லாண்டுகள் கட்டுரை எழுதினார். பிழைப்புக்காக வேற்றூர் சென்றும் தாய்நாட்டுப் பற்றை விடாதவர்; லண்டனில் வாழ்ந்த அயர்லாந்து மக்களுக்கு அவர்களுடைய பழைய மொழியைக் கற்பித்த கேலிக் சங்கத்தில் ஆசிரியராக இருந்தார் என்னும் செய்தி, தமிழ்ச் சங்கம் நடத்தும் நமக்கு அவரை ஓர் உறவினர்போல ஆக்கிவிடுகிறது. அவர் எழுதியவற்றுள் 'அறியாமையின் இன்பங்கள்' என்னும் கட்டுரை பெரும்புகழ் பெற்றது. அதே தலைப்பில் 1921இல் ஒரு தொகுப்பு நூலும் வந்தது.

கட்டுரையின் போக்கு எளியது. வசந்த காலத்தில் ஒரு நகரவாசியை அழைத்துக்கொண்டு கிராமப் பக்கம் நடந்து பாருங்கள், அவனுடைய அறியாமையின் பரப்பைக் கண்டு திகைத்துப்போவீர்கள் என்று தொடங்குகிறார். இந்த மரத்துக்கும் அந்த மரத்துக்கும் வேறுபாடு தெரியாது. எந்தப் பறவை எப்படிப் பாடுகிறது என்பது தெரியாது. குக்கூப் பறவையின் நிறம் என்ன என்று கேட்டால் விழிப்பான். இவ்வளவும் நகைச்சுவை. பிறகு மெல்லத் திருப்புகிறார். இந்த அறியாமை முற்றிலும் இழிவானது அன்று. இதனால்தான் ஒவ்வொரு வசந்தத்திலும் இயற்கை நமக்குப் புத்தம் புதிதாகக் காட்சி தருகிறது என்கிறார். பாதி வாழ்நாள் கழிந்த பின் முதன்முறையாகக் குக்கூவைக் கண்ணால் காண்பவனுடைய களிப்பு, பறவைகளையே நாளும் ஆராய்பவனுக்குக் கிடைக்குமோ என்று கேட்கிறார். தொலைபேசியைப் பயன்படுத்துகிறோம், அது எப்படி இயங்குகிறது என்று கேட்பதில்லை என்றும் இடையே ஒரு குத்து விடுகிறார். கேள்வி கேட்கும் இன்பத்தை இழந்து விடை சொல்லும் இன்பத்தில் அமர்ந்துவிட்டவன் மரத்துப்போகத் தொடங்கிவிட்டான் என்பது அவர் முடிவு. அறுபது வயதுக்கு மேல் உடலியல் படிக்க உட்கார்ந்த ஜோவெட்டையும், எழுபது வயதிலும் தமக்கு ஒன்றும் தெரியாது என்று உணர்ந்த சாக்ரடீசையும் சான்று காட்டி நிறுத்துகிறார்.

முதலில் நகரவாசியைப் பார்த்து நகைத்தவர், அந்த நகரவாசி தாமே என்று சொல்லாமல் சொல்லிவிடுவது இக்கட்டுரையின் அழகு. கற்பிக்கும் தொனி எங்கும் இல்லை. ஆனால் ஒரு குறையும் சொல்ல வேண்டும். பெல்ஃபாஸ்ட்டில் பிறந்து, அயர்லாந்து மொழியைப் பிறருக்குக் கற்பித்த ஒருவர் எழுதிய இக்கட்டுரையில் அயர்லாந்தின் சாயலைத் தேடினாலும் கிடைப்பது அரிது. குக்கூப் பறவைக்கு அம்மொழியில் 'குவாக்' என்று பெயர். அந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுத்தவருக்கு, ஒரு பறவையை மறக்கும்போது ஒரு சொல்லும் சேர்ந்து மறைகிறது என்பது தெரியாதிருக்க முடியாது. அதைப்பற்றி அவர் வாய் திறக்கவில்லை. சனிக்கிழமை நடைக்குச் செல்லும் வசதியுள்ள மனிதனின் அறியாமையை மட்டுமே அவர் பாடுகிறார். அவ்வறியாமையில் இழப்பு ஏதும் இல்லை.

நம் நிலை வேறு. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து அத்திபெலே, சந்தாபுரம், பொம்மசந்திரம் எனத் தொழிற்பேட்டைகளை நாடி வந்த குடும்பங்கள் நாம். ஊரில் இருந்த தந்தை கரிச்சான் குரல் கேட்டு விடியலை அறிந்தார். மகன் ஆலைச் சங்கொலி கேட்டு ஷிப்டு நேரத்தை அறிந்தார். பேரப்பிள்ளைக்கோ இரண்டும் தெரியாது, கைபேசி எழுப்புகிறது. தந்தை அறிந்திருந்ததை மகன் மறந்து, பேரன் கேள்விப்படாமலே போனால் அதனை அறியாமை என்ற ஒரே சொல்லால் குறிக்கலாமா? லிண்டினுடைய அறியாமை இன்னும் எழுதப்படாத பலகை. நம்முடையது எழுதி அழித்த பலகை.

என்னுடைய பலகையும் அழிந்தே இருந்தது என்பதை எனக்குக் காட்டியது ஒரு சிறு நிகழ்ச்சி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடைக் காலையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றிருந்தோம். பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் தெறித்த பறவை ஒன்றை இரண்டு காக்கைகள் துரத்திக்கொண்டு வந்தன. "தாத்தா, அது என்ன?" என்றாள் பேத்தி. "வல்லூறுக் குஞ்சு" என்றேன். தயங்கவே இல்லை. "வல்லூறுக்குக் கண் இவ்வளவு சிவப்பா இருக்குமா?" என்று அவள் மறுபடி கேட்டபோது, கீழே போய்ப் பல் தேய்க்கச் சொன்னேன். விடை சொல்லும் இன்பத்தில் அமர்ந்தவன் மரத்துப்போகிறான் என்று லிண்ட் சொன்னது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. மாலையில் நூலகத்திலிருந்து எடுத்து வந்த பறவை நூலைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, நான் பார்த்தது பெண் குயில்.

அறுபது ஆண்டுகளாகக் குயிலைப் பற்றிப் பாடல் கேட்டு, மேடையில் பேசி, மாணவர்க்குச் சொல்லி வந்தவன் நான். மணிவாசகரின் குயிற்பத்தும் பாரதியின் குயில் பாட்டும் எனக்குத் தெரியும். குயில் தெரியாது! ஆண் குயில்தான் கருநிறம். ஏறி ஏறிச் செல்லும் அந்தக் 'கூ' என்னும் ஓசை ஆணுக்கே உரியது. புள்ளியிட்ட பெண் 'கிக் கிக்' என்று கத்துமேயன்றிப் பாடுவதில்லை. காக்கை கூடு கட்டும் காலத்தை ஒட்டியே குயிலும் கூவத் தொடங்குகிறது. ஏனெனில் அதன் முட்டைக்கு இடம் காக்கைக் கூடு. அன்று காக்கைகள் துரத்தியதன் காரணமும் அதுவே. அதே குடும்பத்தைச் சேர்ந்த செம்போத்தோ தன் கூட்டைத் தானே கட்டிக்கொள்கிறது என்பதைப் படித்தபோது, வேலியில் நாள்தோறும் பார்க்கும் அந்தச் செந்நிறச் சிறகுக்காரனிடம் எனக்குப் புதிய மரியாதை பிறந்தது. பாரதியின் பாட்டில் பெண் குயில் பாடுகிறதே என்று குற்றம் காண்பவர் உளர். அது கனவுக் காட்சியாக அமைந்த கவிதை. பறவை நூல் அன்று. குற்றம் கவிஞரிடம் இல்லை. கவிதையைப் படித்துவிட்டதால் பறவையைப் பார்த்துவிட்டதாக எண்ணிக்கொண்ட என்போன்றோரிடம்தான் இருக்கிறது.

லிண்ட் கூறும் முதற்காட்சியின் களிப்பு அன்று எனக்கும் கிடைத்தது. அவ்வளவில் அவர் சொல்வது உண்மை. ஆனால் அவருடைய நகரவாசிக்குப் பொருளும் தெரியாது, பெயரும் தெரியாது. நமக்கோ பெயர்கள் ஏராளமாகத் தெரியும், பொருள் தெரியாது. பெயர் தெரிந்தவனுக்குத் தான் அறியாதவன் என்ற எண்ணமே எழாது. எண்ணம் எழாவிடில் கேள்வி ஏது?

இதற்குக் குறிஞ்சிப்பாட்டைப் போன்ற சான்று வேறில்லை. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவிப்பதற்காகக் கபிலர் பாடியது என்பது மரபு. வேற்றுமொழியாளனுக்குத் தமிழைக் காட்ட விரும்பிய புலவர், 261 அடிகள் கொண்ட அப்பாட்டில் மலைச்சாரற் பெண்கள் பறித்துக் குவிக்கும் தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர்களை அடுக்குகிறார். ஒரு விழாவில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி அத்தனை பெயரையும் மூச்சுவிடாமல் சொல்லிப் பரிசு பெற்றாள். கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று, நானும் தட்டினேன். இறங்கி வந்தவளிடம், "இவற்றில் எந்தெந்தப் பூவைப் பார்த்திருக்கிறாய், அம்மா?" என்று கேட்டேன். "தாமரை" என்றாள், சற்று யோசித்து "வாழை" என்றாள். அந்த மண்டபத்தின் வேலியோரம் முழுதும் தும்பை பூத்திருந்தது. தும்பை அப்பட்டியலில் உள்ள பெயர். கன்னடத்தில் அதனைத் 'தும்பெ' என்பார்கள், பெயர்கூட மாறவில்லை. பெற்றோரும் நடுவர்களும் நானும் அதை மிதித்துக்கொண்டுதான் உள்ளே வந்திருந்தோம்.

அந்தப் பட்டியலுக்குப் பின்னால் ஒரு தேடல் உண்டு. பத்துப்பாட்டை 1889இல் பதிப்பித்த உ. வே. சாமிநாதையருக்குக் கிடைத்த ஏடுகளில் இப்பகுதி சிதைந்து, சில பூக்களின் பெயர்கள் விடுபட்டிருந்தன. அவர் ஓயவில்லை, தருமபுர ஆதீனத்து ஏட்டில் அவற்றைக் கண்டெடுத்தார். அந்த மகிழ்ச்சியை 'உதிர்ந்த மலர்கள்' என்னும் கட்டுரையில் சொல்லியிருக்கிறார். இல்லாத பெயர் ஒன்று இருக்க வேண்டும் என்று உணர்ந்த அறியாமை, லிண்ட் போற்றும் உயர்ந்த அறியாமை. ஐயர் பெயர்களை மீட்டுத் தந்துவிட்டார். அப்பெயர்களுக்குரிய செடிகளைக் காட்டில் தேடுவது பின்வந்தோர் கடமையாக நின்றது. அறிஞர் சிலர் அதனைச் செய்தனர். அனிச்சம் எது என்பது போன்ற வழக்குகள் இன்னும் தீரவில்லை. நாமோ மனப்பாடப் போட்டியுடன் நின்றுவிட்டோம்.

இங்கிருந்து அங்கே சென்ற ஒருவரையும் நினைக்கலாம். பெங்களூரில் பிறந்த பி. ஜி. எல். சுவாமி, சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராகவும் பின்னர் முதல்வராகவும் விளங்கினார். மாணவர்களைக் காட்டுக்கு அழைத்துச் சென்று செடி காட்டிய அனுபவங்களை அவர் கன்னடத்தில் 'ஹசுரு ஹொன்னு' என்று எழுதினார். 1978ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி பரிசை அந்நூல் பெற்றது. நம் பிள்ளைகள் பள்ளியில் கன்னடம் படிக்கிறார்கள். தமிழ்க் கொன்றை கன்னடத்தில் 'கக்கெ', புங்கமரம் 'ஹொங்கெ' என்பதை அவர்கள் நமக்குச் சொல்லித் தரக்கூடும். நாம் கேட்பதில்லை என்பதுதான் குறை.

இனி லிண்டுடன் எனக்குள்ள பெரிய பிணக்குக்கு வருகிறேன். இயற்கை ஆய்வாளனுடைய இன்பம், புதிதாய்க் காண்பவனுடைய துள்ளலோடு ஒப்பிட்டால், நிதானமாக நடைபோடும் இன்பமே என்பது அவர் கருத்து. அவ்வாய்வாளனும் எல்லாம் அறிந்தவன் அல்லன், அவனுக்கும் அறியாமை மிச்சம் இருப்பதால்தான் மகிழ்ச்சி என்று அவர் ஈடு கட்டுவது உண்மையே. கனிக்கு முன் பூ வரும் என்று தெரிந்திருந்தும் பூத்த பழத்தோட்டத்தைக் கண்டு வியக்கிறோம் என்று அவரே ஓரிடத்தில் ஒப்புக்கொள்கிறார். இருப்பினும் அறிந்தவனைச் சற்று இரக்கத்தோடு பார்க்கும் பார்வை கட்டுரை முழுதும் உண்டு. நம்மூர் வழக்கம் ஒன்றை வைத்து இதனைச் சோதிக்கலாம். மூன்றாம் பிறை எந்நாளில் தோன்றும் என்று பஞ்சாங்கம் முன்னரே சொல்லிவிடுகிறது. தெரிந்துகொண்டுதான் நம் வீட்டுப் பெண்கள் மாலையில் மாடியேறி மேற்கே பார்க்கிறார்கள். கண்டதும் எழும் அந்த ஒலி ஒவ்வொரு மாதமும் புதிது. அறியாமை அங்கே எள்ளளவும் இல்லை. காத்திருத்தல் இருக்கிறது.

லிண்டுக்கு முழு மறுப்பாக ஒருவர் நம்மிடையே வாழ்ந்தார். அவர் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மைந்தர். தந்தை 1925இல், பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று செனட் அவையில் பேசிய நிலையிலேயே உயிர் நீத்தபோது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று. மாநிலக் கல்லூரியில் தாவரவியல் கற்றார். சில ஆண்டுகள் இன்றைய கருநாடகத்தின் சண்டூர் சமஸ்தானத்தில் பல பணிகள் பார்த்தார். நம்மைப்போல அவரும் கன்னட நாட்டில் வேலை பார்த்த தமிழர். பின்னர் சென்னை திரும்பி, 1950 முதல் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கைக் குறிப்புகள் எழுதத் தொடங்கினார். அத்தொடர் 46 ஆண்டுகள் நின்றதில்லை. 1996 பிப்ரவரி 18ஆம் நாள் அவர் இறந்தார். அவருடைய கடைசிக் கட்டுரை அச்சில் வந்ததும் அதே நாள். தமிழிலும் எழுதினார், அக்கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாகத் தந்திருக்கிறார்.

யானையையும் காட்டெருமையையும் நுணுகி ஆராய்ந்த அவர், அதே கவனத்தை வீட்டுக் கொல்லைக்கு வரும் உயிர்களிடமும் காட்டினார். 1961இல் வந்த அவருடைய ஆங்கில நூலின் பெயரே 'காடும் கொல்லையும்' என்று பொருள்படும். பல்லாயிரம் முறை பார்த்த பறவையைப் பற்றி எழுதும்போது அவர் நடையில் சோர்வு தட்டுவதில்லை. தெரிந்தது மிகுதியாக மிகுதியாக அவருக்குக் கேள்வியும் மிகுந்தது. லிண்டின் உரைநடை இவருடையதைவிட இலகுவானது, சிரிக்க வைப்பது. அதை மறுக்க முடியாது. கிருஷ்ணனுக்குக் கோபம் சட்டென்று வரும். அயல்நாட்டு அழகு மரங்களைச் சாலையெங்கும் நடுபவர்களை அவர் விட்டுவைத்ததில்லை. ஆனால் லிண்ட் குக்கூவைப் பற்றி எழுதுவதைப் படித்தால் லிண்டைப் பார்க்கிறோம். கிருஷ்ணனைப் படித்தால் எழுந்துபோய்ச் சன்னலைத் திறக்கத் தோன்றுகிறது.

அயல் மரங்கள் என்றதும் ஓர் இடைச்செருகல். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மழைமரத்துக்குத் தமிழர் வைத்த பெயர் தூங்குமூஞ்சி. மாலையில் இலை மடிவதை யாரோ ஒருவர் நின்று பார்த்திருக்கிறார். வந்தேறிய மரத்துக்கு வாழும் மொழி அப்படித்தான் இடம் கொடுத்தது. பெங்களூர்ச் சாலைகளில் ஊதாநிறம் கொட்டும் ஜக்கரண்டாவுக்கு அப்படி ஒரு பெயரை நம் பிள்ளைகள் யாரேனும் வைத்தால் நான் கைதட்டுவேன்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். அத்திபெலே என்ற பெயரின் முன்னே நிற்பது அத்தி. கன்னடத்திலும் அத்தி அத்திதான். ஊர்ப்பெயரின் காரணம் எதுவாயினும் ஆகுக. இவ்வூரில் ஓர் அத்தி மரத்தைக் காட்ட முடியுமா என்று ஒரு சங்கக் கூட்டத்தில் கேட்டுவிட்டேன். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தனர். "அத்தி பூத்தாற்போல இப்படி ஏதாவது கேட்பீர்கள், ஐயா" என்று ஒரு நண்பர் சிரித்தார்.

அத்தி பூத்தாற்போல! அரிதிலும் அரிதாக நிகழ்வதற்கு இத்தொடரை ஆள்கிறோம். பூவாமல் காய்க்கும் மரத்துக்குக் 'கோளி' என்று தனிச்சொல்லே படைத்த முன்னோர் கூர்ந்துதான் பார்த்திருக்கிறார்கள். கிளையில் பூ இல்லை. அடிமரத்தில் கொத்துக் கொத்தாகக் காய் மட்டும் தொங்குகிறது. கண்ணுக்கு அது மெய். மற்றொரு பழமொழியோ, அழகிய அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் உள்ளே புழுவாக இருக்கும் என்கிறது. அதுவும் கூர்ந்து பார்த்தவர் சொல்லே. இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பூவில்லாத மரத்தின் காய்க்குள் பூச்சிக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தால் விடை அங்கேயே இருந்தது. நாம் காய் என்று அழைப்பது உண்மையில் மூடிய பூங்கொத்து. உள்சுவர் முழுதும் நுண்ணிய பூக்கள். நுனியிலுள்ள சிறு துளை வழியே மகரந்தம் சுமந்த சிறு குளவி நுழைந்து முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் உள்ளேயே வளர்கின்றன. சிறகில்லாத ஆண்கள் வெளியேற வழி குடைகின்றன. பெண்கள் புதிய மகரந்தத்தோடு பறந்து அடுத்த அத்தியைத் தேடுகின்றன. குளவி இன்றேல் அத்திக்கு விதை இல்லை. அத்தி இன்றேல் குளவிக்கு வீடு இல்லை. இரண்டு பழமொழிகளும் ஓர் உண்மையின் இரு பாதிகள். இரண்டையும் நாம் விடைகளாக ஏற்று வாயில் வைத்துக்கொண்டதால், நடுவில் இருந்த கேள்வி எழாமலே போயிற்று. லிண்டுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் தம் கட்டுரைக்கு இதைவிட நல்ல சான்று தேடியிருக்கமாட்டார்.

மரத்தைக் கண்டுபிடித்தவள் பேத்தி. ஏரிக்கரைப் பக்கம், குப்பைமேட்டுக்குப் பின்னால், பள்ளி வண்டியின் சன்னல் வழியே ஒரு மாதமாகப் பார்த்து வந்தாளாம். ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் போனோம். அடிமரத்திலிருந்து பச்சையாக ஒன்றைப் பறித்தேன். பால் கையில் ஒட்டிற்று. பேனாக்கத்தியால் இரண்டாகப் பிளந்து அவளிடம் ஒரு பாதியைக் கொடுத்தேன். வெகுநேரம் அதைக் கண்ணருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளிருந்து எள்ளைவிடச் சிறிய ஏதோ ஒன்று ஊர்ந்து வந்து அவள் கட்டைவிரல் நகத்தின்மேல் நின்றது.

"தாத்தா, இதற்கு வெளிச்சம் தெரியுமா?" என்றாள்.